போர்க்கப்பலின் போர் முறைமைக்கு ஸ்பெக் எழுதுவது எப்படி? அறிவியல் நகர்த் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் இறுதி வருடம் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணா, போர்க்கப்பலில் ராடர், ஏவுகணை, பீரங்கி, கொம்பியூட்டர் எல்லாம் சேர்ந்த கொம்பற் சிஸ்டத்தை எப்படி வடிவமைக்கிறார்கள்? அதற்கு ஸ்பெக் எழுதுகிறவர் உண்மையில் என்ன செய்வார்? நல்ல சாமானாகத் தெரிந்து பட்டியல் போடுவதுதான் வேலையா? வெளிநாட்டில் அந்தத் துறையில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன்."

இல்லை தம்பி, பட்டியல் போடுவது அந்த வேலையின் கடைசித் துண்டு. ஸ்பெக் என்பது முறைமை என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிற தேவை ஆவணம். நான் 18 வருடம் வெளிநாட்டில் கப்பல் முறைமைகளை ஒன்றோடொன்று இணைத்துச் சோதிக்கிற வேலையில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்து இருக்கிறேன். அந்த 18 வருடத்தில் ராடர் பழுது, பீரங்கி பழுது என்று நித்திரை முழித்த இரவுகள் மிகக் குறைவு. முழித்ததெல்லாம் இரண்டு நல்ல சாமான்களுக்கு நடுவில் யாரும் எழுதாமல் விட்ட ஒரு வரிக்காகத்தான். அந்த வரியைத் தேடிப் பிடித்து எழுதுவதுதான் நீங்கள் கேட்கிற வேலை.

போர் முறைமை என்பது ஒரு பெட்டி இல்லை. கடலில் ஒன்றைக் காண்பது, அது இன்னதென்று அறிவது, என்ன செய்வதென்று முடிவெடுப்பது, செய்வது, செய்தது பலித்ததா என்று திரும்பப் பார்ப்பது, இந்த ஓட்டம் முழுவதும்தான் போர் முறைமை. அதில் ராடரும் இருக்கிறது, திரைக்கு முன்னால் இருக்கிற 20 வயதுப் பிள்ளையும் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நின்று "என்ன அது?" என்று கேட்கிற கப்பல் தலைவரும் இருக்கிறார். ஸ்பெக் எழுதுகிறவர் இவ்வளவு பேருக்கும் இவ்வளவு சாமானுக்கும் இடையில் எது, எப்போது, எவ்வளவு விரைவாக, எவ்வளவு நிச்சயத்தோடு கடந்து போக வேண்டும் என்று எழுதுகிறார்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. இரணைமடுக் குளம். 36 அடி வரை தண்ணீர் நிற்கும், வான்கதவுகள் இருக்கின்றன, அளவுகோல் இருக்கிறது, கதவை உயர்த்துகிற பொறி இருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சனம் என்ன கேட்டது என்று யோசித்துப் பாருங்கள். கதவின் இரும்பு நல்ல இரும்பா என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் திறந்தது, யாருடைய சொல்லில் திறந்தது, எவ்வளவு திறந்தது, கீழே இருக்கிற ஊர்களுக்கு எப்போது அறிவித்தது, இதைத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு மழைக்கு முன்பே, வெயில் காலத்தில், மேசையில் இருந்து பதில் எழுதி வைப்பது என்ன வேலையோ அதுதான் ஸ்பெக். கப்பலில் வித்தியாசம் என்னவென்றால், வெள்ளம் மணித்தியாலக் கணக்கில் வரும், ஏவுகணை செக்கன் கணக்கில் வரும்.

அந்தச் செக்கன் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். பூமி உருண்டை என்பதால் ராடருக்கும் தொடுவானம் உண்டு. ராடர் இருக்கிற உயரத்தை மீற்றரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12 ஆல் பெருக்குங்கள், வருகிற பொருளின் உயரத்துக்கும் அப்படியே செய்யுங்கள், இரண்டையும் கூட்டினால் எத்தனை கிலோமீற்றரில் அது முதன்முதல் கண்ணில் படும் என்று வரும். ராடர் 20 மீற்றர் உயரத்தில், ஏவுகணை கடலை உரசிக்கொண்டு 5 மீற்றரில் வருகிறது என்று வையுங்கள். 27 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். அது செக்கனுக்கு 300 மீற்றர் வேகத்தில் வந்தால் உங்களுக்கு இருப்பது ஏறத்தாழ 90 செக்கன். ஒலியைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் வருகிற வகை என்றால் 32 செக்கன்தான். இதில் ராடர் நான்கு செக்கனுக்கு ஒருமுறை சுற்றுகிற பழைய வகை என்றால், ஒருமுறை தெரிந்ததை நம்ப முடியாது, அலையும் தெரியும் பறவையும் தெரியும், மூன்று சுற்றிலாவது தெரிய வேண்டும், ஒரு சுற்றில் தவறவிட்டால் அதற்கும் இடம் விட வேண்டும், அதற்குள் 12 செக்கன் போய்விட்டது. அந்த 12 செக்கனில் வேகமான ஏவுகணை 10 கிலோமீற்றர் கிட்ட வந்துவிடும். மிச்சத்தில் அது என்ன என்று தீர்மானிக்க வேண்டும், எந்த ஆயுதம் என்று ஒதுக்க வேண்டும், எங்கள் ஏவுகணை கிளம்பிப் போய்ச் சேர வேண்டும், தவறினால் இரண்டாம் முறை முயல நேரம் வேண்டும். ஆகவே நல்ல ஸ்பெக்கின் அடித்தளம் இந்த நேரக் கணக்குத்தான்: மொத்தம் இவ்வளவு செக்கன், அதில் ராடருக்கு இவ்வளவு, கணினிக்கு இவ்வளவு, மனிதருக்கு இவ்வளவு. வீட்டுச் செலவுக்குச் சம்பளத்தைப் பிரிக்கிற மாதிரி. எல்லோரும் தங்களுக்கு இன்னும் இரண்டு செக்கன் தா என்பார்கள். மனிதருக்கு ஒதுக்கியதில்தான் முதலில் கை வைப்பார்கள், அதை விடக்கூடாது.

இந்தக் கணக்கு உலகத்துக்கு உறைத்தது 1967 அக்டோபர் 21 இல். எகிப்தின் சிறிய ஏவுகணைப் படகுகள் துறைமுகப் பக்கத்தில் இருந்தே சோவியத் ஸ்டிக்ஸ் ஏவுகணைகளை அடித்து, இஸ்ரேலின் ஐலாட் என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன, 47 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னமே, விமானங்களின் வேகம் கூடியபோதே அமெரிக்கக் கடற்படை 1960களின் தொடக்கத்தில் கணினியைக் கப்பலில் ஏற்றத் தொடங்கியிருந்தது. அது வரை ராடரைப் பார்ப்பவர் வாயால் சொல்ல, இன்னொருவர் கண்ணாடிப் பலகையின் பின்பக்கம் நின்று மெழுகுப் பென்சிலால் எழுத்துகளைக் கண்ணாடி விம்பமாகத் திருப்பி எழுதுவார். பிறகு வந்த ஏஜிஸ் என்ற அமெரிக்கக் கடற்படைப் போர் முறைமையை வடிவமைத்தவர்கள் ஐந்து தூண்களைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்: விரைவாக எதிர்வினை காட்டுவது, ஒரே நேரத்தில் பல இலக்குகளைச் சமாளிக்கிற சூட்டுவலு, மின்னணு இடையூறையும் மோசமான சூழலையும் தாங்குவது, எப்போதும் தயாராக இருப்பது, பரந்த பரப்பைக் காப்பது. கவனித்தீர்களா, ஐந்தில் ஒன்றுகூடச் சாமானின் பெயர் இல்லை. ராடர் இன்ன வகை என்று அங்கே எழுதியிருக்கவில்லை. தேவை முதலில், சாமான் பிறகு. கேள்விப்பத்திரத்தில், அதாவது டெண்டரில், இது தலைகீழாக வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், யாரோ ஒரு கண்காட்சியில் ஒரு ராடரைப் பார்த்து ஆசைப்பட்டு, அந்த விற்பனைத் துண்டில் இருந்த இலக்கங்களை அப்படியே தேவை என்று எழுதி அனுப்புவார்கள்.

சரி, நான் சொன்ன "நடுவில் விட்ட வரி" எப்படி இருக்கும் என்று ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். நான் வேலை செய்த ஒரு இடத்தில் இரண்டு ராடர்களின் தகவலைச் சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிற பகுதியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். வாடகைக்கு எடுத்த சின்ன விமானம் ஒன்று கடலுக்கு மேல் போய்ப் போய் வரும். திரையில் ஒரு விமானம் தெரிய வேண்டும். இரண்டு தெரிந்தது. முன்னால் ஒன்று, அதற்குக் கொஞ்சம் பின்னால் இன்னொன்று, பசுவின் பின்னால் கன்று போகிற மாதிரி. விமானம் திரும்பினால் கன்றும் பிந்தித் திரும்பும். ராடர் கொடுத்த இரண்டு நிறுவனமும் எங்களுடையதில் பிழையில்லை என்றார்கள், உண்மையாகவே இருவரிலும் பிழையில்லை. இரண்டு கிழமை மினக்கெட்ட பிறகு பிடிபட்டது. கருவிகள் ஒன்றோடொன்று எப்படித் தகவல் பரிமாற வேண்டும் என்று சொல்கிற இடைமுக ஆவணத்தில் "ஒவ்வொரு செய்தியிலும் நேரம் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி. ஒரு ராடர் இலக்கை அளந்த நேரத்தைப் போட்டது. மற்றது செய்தியை அனுப்பிய நேரத்தைப் போட்டது. இரண்டும் நேரம்தானே, இரண்டும் ஸ்பெக்குக்குச் சரி. எந்த நேரம் என்று எழுதவில்லை. செக்கனுக்கு 300 மீற்றர் போகிற பொருளில் பத்தில் ஒரு செக்கன் பிசகினால் 30 மீற்றர், அரைச் செக்கன் என்றால் 150 மீற்றர். சோதனைக் கடலில் அது ஒரு கன்றுக்குட்டி. சண்டையில் அது இல்லாத ஒரு எதிரி, அதன் மேல் ஒரு ஏவுகணை வீணாகும், அல்லது யாரோ அப்பாவி விமானத்தின் அடையாளம் பிழையான தடத்தில், அதாவது முறைமை பின்தொடர்கிற வேறொரு பொருளின் பதிவில், போய் ஒட்டிக்கொள்ளும்.

கோணமும் அப்படித்தான். ராடர் பார்க்கிற வடக்கும் பீரங்கி நினைக்கிற வடக்கும் ஆயிரத்தில் ஒரு ரேடியன் விலகினால் 10 கிலோமீற்றரில் 10 மீற்றர் தள்ளிப் போகும். கப்பல் ஒரு கல்வீடு இல்லை, அலையில் வளையும், ஒரு பக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்கத் தகடு விரிந்து வளையும், எண்ணெய் குறைந்தால் வளைவு மாறும். துறைமுகத்தில் காலையில் நேர்ப்படுத்தியது நடுக்கடலில் மத்தியானம் அப்படியே இருக்காது. இதை யார் அளப்பது, யார் திருத்துவது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை, ராடர்க்காரரா, பீரங்கிக்காரரா, கப்பல் கட்டுகிறவரா? மூவரும் மற்றவர் செய்வார் என்று இருப்பார்கள். எல்லை வேலிக்கு யார் கிடுகு போடுவது என்று இரு வளவுக்காரரும் பேசாமல் இருந்தால் மாடு உள்ளே வரத்தான் செய்யும்.

நடுவில் விட்ட வரியால் மனிதர் செத்த கதைகளும் உண்டு, அவற்றை நீங்கள் தேதியோடு தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1982 மே 4, பிரித்தானியாவும் ஆர்ஜென்டினாவும் மோதிய போக்லண்ட் போர். பிரித்தானியாவின் ஷெஃபீல்ட் கப்பலில் எதிரி ராடர் ஒலியைக் கேட்டு எச்சரிக்கிற கருவி இருந்தது, நல்ல கருவி. செய்மதித் தொடர்புக் கருவியும் இருந்தது, அதுவும் நல்ல கருவி. ஆனால் செய்மதி மூலம் கதைக்கும்போது எச்சரிக்கைக் கருவியின் காது அடைத்துவிடும். ஆர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணை வந்த நேரத்தில் கப்பல் செய்மதியில் கதைத்துக்கொண்டிருந்தது. 20 பேர் இறந்தார்கள். விசாரணையில் வேறு பிழைகளும் வந்தன, ஆட்கள் இடத்தில் இல்லாதது உட்பட, ஆனால் எனக்கு இந்த ஒன்று மறக்காது. அதே மாதம் 25 ஆம் தேதி, பிரோட்ஸ்வேர்ட் கப்பலின் சீ வுல்ஃப் ஏவுகணை முறைமை ஒட்டிப் பறந்து வந்த இரண்டு விமானங்களைப் பிரித்தறிய முடியாமல் இலக்கைப் பிடித்திருந்த பூட்டை விட்டுவிட்டது. அடுத்து வந்த இரண்டு விமானங்களைப் பூட்டிச் சுடப் போகிற நேரத்தில் துணைக்கு நின்ற கொவென்ற்ரி கப்பல் குண்டைத் தவிர்க்கத் திரும்பி நடுவில் குறுக்கே வந்துவிட்டது. கொவென்ற்ரி மூழ்கியது, 19 பேர். ஒரு கப்பலின் ஸ்பெக்கை மற்றக் கப்பல் பக்கத்தில் நிற்கும் என்று நினைத்து எழுத வேண்டியிருக்கிறது என்பதை அந்த நாள் காட்டியது.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். 1988 ஜூலை 3. அமெரிக்காவின் வின்சென்ஸ் கப்பல், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஏஜிஸ் முறைமையோடு, பாரசீக வளைகுடாவில் ஈரானியப் படகுகளோடு சண்டையில் இருந்தது. பந்தர் அப்பாஸில் இருந்து துபாய்க்கு ஈரான் எயார் 655 என்ற பயணிகள் விமானம் கிளம்பியது. கிளம்பி ஏழு நிமிடத்தில் அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 290 பேர், குழந்தைகளும். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. முறைமை பதிந்து வைத்த தரவிலும் ஏறுகிறது என்றே இருந்தது. பயணிகள் விமானத்துக்குரிய அடையாளக் குறியைத்தான் அது அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் அறைக்குள் இருந்தவர்கள் அது இறங்கி எங்களை நோக்கி வருகிறது என்று நம்பினார்கள், சொன்னார்கள்.

எப்படி? பெரிய திரையில் விமானத்தின் உயரம் காட்டப்படவில்லை. உயரம் வேண்டுமென்றால் முறைமை அந்தப் பொருளுக்குக் கொடுத்த தட இலக்கத்தைக் கொடுத்துப் பக்கத்தில் உள்ள சின்னத் திரையில் எண்ணாகப் பார்க்க வேண்டும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று முறைமை சொல்லாது, ஒரு எண்ணைப் பார்த்து, கொஞ்சம் பொறுத்து இன்னொரு எண்ணைப் பார்த்து, மனதில் கழித்துப் பார்க்க வேண்டும். வெளியே பீரங்கி வெடிக்கிறது, கப்பல் சரிந்து திரும்புகிறது, காதுக்குள் நாலு பேர் கத்துகிறார்கள், அப்போது. இன்னொன்று, அந்த விமானத்துக்கு முதலில் ஒரு தட இலக்கம் கொடுபட்டு, பக்கத்துக் கப்பலின் இலக்கத்தோடு ஒன்றாக்கும்போது அது மாறிவிட்டது. பழைய இலக்கம் வேறு எங்கோ பறந்த இன்னொரு விமானத்துக்குப் போய்விட்டது. பழைய இலக்கத்தைக் கேட்டவருக்கு வேறு விமானத்தின் உயரம் கிடைத்திருக்கும்.

ஏஜிஸ் அன்று பழுதாகவில்லை தம்பி. எழுதியபடி வேலை செய்தது. "உயரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை முறைமை தானே காட்ட வேண்டும்", "விடுபட்ட தட இலக்கத்தை இன்ன நேரத்துக்கு மீண்டும் பயன்படுத்தக்கூடாது". இப்படி இரண்டு வரி. இந்த இரண்டு வரியும் கோடிக்கணக்கான டொலர் சாமானில்லை, ஒரு நல்ல பின்னேரம் இருந்து யோசித்தால் எழுதலாம். நான் இந்தத் துறையில் சேர்ந்த முதல் மாதத்தில் இதை வாசித்தேன், அதற்குப் பிறகு திரை பற்றிய தேவைகளை யாராவது "அது பிறகு பார்க்கலாம்" என்று தள்ளினால் நான் விட்டதில்லை.

இதில் வன்னிக்காரருக்கு மட்டும் விளங்குகிற ஒரு பக்கம் இருக்கிறது. நண்பனா எதிரியா என்று கேட்கிற கருவி ஒன்று போர்க்கப்பல்களில் உண்டு. அது ஒரு கேள்விச் சமிக்ஞை அனுப்பும், சரியான பதில் வந்தால் நண்பன். பதில் வராவிட்டால் எதிரி என்று அர்த்தமில்லை, தெரியாது என்றுதான் அர்த்தம். கப்பல்கள் தங்களை அறிவிக்கிற ஏஐஎஸ் கருவியும் சர்வதேச விதிப்படி பெரிய கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும்தான் கட்டாயம். முல்லைத்தீவில் இருந்தோ நாயாற்றில் இருந்தோ தொழிலுக்குப் போகிற 18 அடி பைபர் வள்ளத்தில் என்ன கருவி இருக்கிறது? ஒரு வெளியிணைப்பு இயந்திரம், வலை, ஒரு விளக்கு, இப்போது சிலரிடம் ஜிபிஎஸ். ராடருக்கு அது அலைக்கு நடுவில் வந்து வந்து மறைகிற ஒரு புள்ளி, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத புள்ளி.

என் அப்பா முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவர். இரவில் ரோந்துப் படகின் வெளிச்சம் மேலே விழுந்தால் என்ன செய்வது என்று அவர் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். எழும்பி நில். கையை விரி. பிறகு மெதுவாகக் குனிந்து வலையைத் தூக்கிக் காட்டு, மீன் தொங்கத் தொங்க, வெளிச்சம் போகும் வரை கீழே போடாதே. ஈர வலை பாரம், தோள் கடுக்கும், ஆனாலும் போடாதே. நண்பனா எதிரியா என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த ஒரே பதில் அந்த வலை. எங்கள் கடலில் நடந்த சிறுபடகுச் சண்டைகளை உலகக் கடற்படைகள் பாடமாக எடுத்துப் படித்தன. 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் அமெரிக்காவின் கோல் போர்க்கப்பலைச் சிறுபடகு ஒன்று தாக்கி 17 மாலுமிகள் இறந்த பிறகு எல்லா ஸ்பெக்கிலும் சிறுபடகு பற்றிய பகுதி வந்துவிட்டது. அது வர வேண்டியதுதான், கப்பலில் இருப்பவரும் ஒரு தாயின் பிள்ளை. ஆனால் அந்தப் பகுதியை எழுதுகிற மேசையில், வலையைத் தூக்கிப் பிடித்து நிற்கிற ஆளை நினைத்துப் பார்க்க ஒருவர் இருக்க வேண்டும்.

நினைத்தால் மட்டும் போதாது, அது அளக்கக்கூடிய வரியாக வர வேண்டும். கேள்விப்பத்திரத்தில் வழக்கமாக வருவது இது: "முறைமை சிறுபடகுகளை விரைவாகக் கண்டறிந்து அச்சுறுத்தலை வகைப்படுத்த வேண்டும்." பார்க்க நன்றாக இருக்கிறது, ஒன்றுக்கும் உதவாது. சிறு என்றால் எவ்வளவு? விரைவு என்றால்? எந்தக் கடலில்? ஒப்பந்தகாரர் ஆடாத குளத்துத் தண்ணீரில் இரும்புப் படகை விட்டு, பார், கண்டுபிடித்துவிட்டது என்பார். நான் எழுதுவதென்றால் இப்படிப் பிரிப்பேன். ஆறு மீற்றர் நீளமான, உலோகம் இல்லாத, இரண்டு பேர் இருக்கிற படகை, இன்ன உயர அலையில், இன்ன தூரத்தில், பத்துக்கு ஒன்பது முறையாவது, இத்தனை செக்கனுக்குள் காண வேண்டும். அதே நேரத்தில் இல்லாத படகை இருப்பதாகக் காட்டுவது மணித்தியாலத்துக்கு இத்தனைக்கு மேல் போகக்கூடாது. இந்த இரண்டாவதை எழுதாவிட்டால் முதலாவதை யாரும் இலகுவாக நிறைவேற்றிவிடலாம், எல்லா அலையையும் படகு என்று காட்டினால் முடிந்தது. அடுத்தது, பதில் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தடத்தையும் முறைமை "தெரியாதது" என்பதில் இருந்து "பகை" என்பதற்குத் தானாக மாற்றக்கூடாது. அடுத்தது, பகை என்று ஒருவர் மாற்றினால், எந்த ஆதாரத்தில் மாற்றினார் என்பது அந்தத் தடத்தோடு சேர்ந்து தலைவரின் திரையில் தெரிய வேண்டும், அந்த ஆதாரம் எத்தனை செக்கன் பழையது என்பதும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எப்படிச் சரிபார்ப்பது என்று எழுத வேண்டும்: ஓடவிட்டுச் சோதிப்பதா, கணக்குப் போட்டுக் காட்டுவதா, கண்ணால் பார்ப்பதா. சரிபார்க்கும் வழி எழுத முடியாத வரி, தேவை இல்லை, வெறும் ஆசை.

ஒரு வரியில் ஒரு விஷயம்தான். "மற்றும்" வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். அந்த வரி எந்த மேல்வரியில் இருந்து வந்தது என்று தொடர்பு வையுங்கள், ஏனென்றால் ஐந்து வருடம் கழித்து யாரோ ஒருவர் காசு மிச்சம் பிடிக்க அதை வெட்ட வருவார், அப்போது அது ஏன் இருக்கிறது என்று சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

காலம்தான் இந்த வேலையின் மற்றப் பெரிய எதிரி. கப்பல் 30 வருடம் ஓடும், கணினி ஐந்து வருடத்தில் பழசாகும். அவுஸ்திரேலியா 6 கொலின்ஸ் நீர்மூழ்கிகளுக்கு 1987 இல் ஒப்பந்தம் செய்தபோது, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இறுகப் பின்னிய ஒரு போர் முறைமையை அன்றைய அறிவோடு கேட்டு எழுதிவிட்டார்கள். அது சரிவரவேயில்லை, ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசைந்தது, வெளியே தொழில்நுட்பம் எங்கோ போய்விட்டது. 1999 இல் அரசாங்கம் கேட்டு மக்கின்டொஷும் பிரெஸ்கொட்டும் கொடுத்த அறிக்கை அதைக் கைவிட்டு வேறு முறைமை போடச் சொன்னது. பிரித்தானியாவின் டைப் 23 என்ற போர்க்கப்பல் வகையின் முதல் கப்பல் 1990 இல் சண்டையை நடத்துகிற கணினிக் கட்டளை முறைமை இல்லாமலே சேவைக்கு வந்தது, திட்டமிட்டதை நடுவில் கைவிட்டதால். அதனால்தான் இன்று துண்டு துண்டாகக் கழற்றி மாற்றக்கூடிய மாதிரி எழுதுகிறார்கள்: திரை ஒன்று, கணிப்பு ஒன்று, ராடர் இடைமுகம் ஒன்று, நடுவில் யாரும் வாசிக்கக்கூடிய திறந்த செய்தி வடிவம்.

ஏஜிஸை வழிநடத்திய வெய்ன் மேயர் என்ற அட்மிரல் "கொஞ்சம் கட்டு, கொஞ்சம் சோதி, நிறையக் கற்றுக்கொள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொன்னதோடு நிற்கவில்லை. நியூ ஜெர்சியில் மூர்ஸ்டவுன் என்ற இடத்தில், கடலே இல்லாத வயல்வெளியில், கப்பலின் மேற்கட்டு மாதிரியே ஒரு கட்டடம் கட்டி ராடரை அதில் பொருத்தினார்கள், உள்ளே கப்பலின் அறை அப்படியே. சனம் அதைச் சோளக்கொல்லைக் கப்பல் என்று கூப்பிடும். பரந்தன் வயலுக்கு நடுவில் ஒரு போர்க்கப்பலின் மேல்பாதி நிற்கிறதாக நினைத்துப் பாருங்கள். கப்பல் கடலில் இறங்குவதற்கு முன்னமே அதற்குள் இருக்கப்போகிறவர்கள் அங்கே வந்து இருந்து பழகலாம், திரை சரியில்லை என்று சொல்லலாம், ஸ்பெக்கைத் திருத்தலாம். எழுதிய ஆவணத்தைப் பூட்டி வைத்துவிட்டு ஏழு வருடம் கழித்துத் திறந்து பார்ப்பதல்ல வேலை.

பழுதானால் என்ன என்பதையும் எழுத வேண்டும். 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் யோர்க்ரவுண் கப்பலில் ஒருவர் ஒரு தரவுக் கட்டத்தில் பூச்சியம் என்று பதிந்தார், மென்பொருள் பூச்சியத்தால் வகுக்கப் போய் விழுந்தது, அதோடு உந்துவிசையும் நின்று கப்பல் நடுக்கடலில் மணித்தியாலக் கணக்கில் கிடந்தது. எது விழுந்தால் எது மிஞ்ச வேண்டும், மிஞ்சியதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு ஸ்பெக்கில் தனி அதிகாரமே வேண்டும். மாணவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

மேற்படிப்புக்கு: முறைமைப் பொறியியல் என்ற பெயரில் வருகிற பாடநெறிகளைப் பாருங்கள், போர்க்கப்பல் என்று பெயர் போட்டதைத் தேட வேண்டாம். சமிக்ஞை, நிகழ்தகவு, கட்டுப்பாடு, இந்த மூன்றும் உறுதியாக இருக்க வேண்டும். மனிதர் திரையைப் பார்த்து எப்படி முடிவெடுக்கிறார் என்பது பற்றிய பாடம் ஒன்றாவது எடுங்கள். பாதுகாப்புத் துறை வேலைகளில் பல நாடுகள் தங்கள் பிரசைகளைத்தான் எடுக்கும், அதைத் தெரிந்துகொண்டு போங்கள், ஆனால் இதே வேலை ரயில் சமிக்ஞையிலும் விமானக் கட்டுப்பாட்டிலும் வைத்தியசாலைக் கருவிகளிலும் அப்படியே இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அறிவியல் நகரில் இருந்து இரணைமடு சைக்கிளில் போகிற தூரம்தான். குளக்கட்டில் ஏறி வான்கதவடியில் நின்று, அங்கே வேலை செய்கிறவரோடு கதையுங்கள், மழை இரவில் அவர் முதலில் எதைப் பார்ப்பார், யாருக்குத் தொலைபேசி அடிப்பார், கரண்ட் இல்லாவிட்டால் கதவை எப்படி உயர்த்துவார், தொலைபேசி எடுக்காவிட்டால் என்ன செய்வார் என்று கேளுங்கள். பிறகு கண்டாவளைப் பக்கம் தாழ்நிலத்தில் இருக்கிற ஒரு வீட்டுக்காரரிடம் போய், எத்தனை மணித்தியாலத்துக்கு முன் தெரிந்தால் ஆடு மாட்டையும் நெல் மூட்டையையும் மேட்டுக்கு ஏற்றலாம் என்று கேளுங்கள். அவர் சொல்கிற அந்த மணித்தியாலக் கணக்குத்தான் உங்கள் முதல் தேவை, அதில் இருந்து பின்னோக்கி 20 வரி எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எப்படிச் சரிபார்ப்பது என்பதோடு. எழுதி அனுப்புங்கள், நான் சிவப்புப் பேனையோடு இருந்து வாசித்துத் தருகிறேன். மாரி தொடங்க முதல் போனால் குளக்கட்டில் ஆறுதலாக நின்று கதைக்கலாம்.